அது யார் வெச்ச சரக்குங்க?

ஸ்டெல்லாவின் கணவர் போன் செய்தபோது நான் கடையில் ஒரு மானிட்டர் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தேன். "ஸ்டெல்லா போயிட்டாளுங்ணா. நெஞ்சு வலின்னா. ஆசுபத்திரிக்குக் கொண்டு போற வழியிலயே…" என்றார். "சரிங்க, வாரேனுங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். எதிரில் நின்றவருக்கு மானிட்டரை ஓட்டிக் காட்டினேன், பில் போட்டேன், உத்தரவாத அட்டையில் முத்திரை குத்திக் கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் ஷட்டரை இறக்கினேன். இன்றுவரை அழுகை வரவில்லை.

நம் இன்டர்நெட் பக்கத்தில் எழுதுகிற எல்லாருக்கும் ஸ்டெல்லாவைத் தெரியும். வெளியிலிருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். காந்திபுரத்தில் என் கடைக்கு மேல்மாடியில் டி.டி.பி. சென்டர் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை அமைப்பதுதான் முக்கியமான தொழில். கம்ப்யூட்டர் கடைக்காரர்களும் அச்சகக்காரர்களும் சேர்ந்து இன்டர்நெட்டில் இந்தப் பொதுப் பக்கத்தைத் தொடங்கியபோது பாஸ்வேர்டை எல்லாரிடமும் கொடுத்தோம். எந்தச் சாமான் எங்கே கிடைக்கும், எந்தக் கோளாறுக்கு என்ன வைத்தியம் என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். போன் லைனும் கனெக்‌ஷனும் என் கடையில். மேற்பார்வை ஸ்டெல்லா. "பொது ஊடுன்னா கூட்டிப் பெருக்க ஒரு ஆள் வேணுமில்லீங்களா?" என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை அது.

நம் பஜாரில் ஒரு பழக்கம் உண்டு. கேட்ட சாமான் நம்மிடம் இல்லையென்றால் ஆளை வெறுங்கையோடு அனுப்ப மாட்டோம். "நாலு கடை தள்ளிக் கேட்டுப் பாருங்க" என்று வழி சொல்லி அனுப்புவோம். அதே பழக்கத்தில்தான் பிரஸ் துரைசாமி நம் பக்கத்தில் ஒரு வரி எழுதினார். பவானியில் ஒருவர் ஒவ்வோர் எழுத்தாக வரைந்து, பிளாப்பியில் போட்டு விற்கும் தமிழ் ஃபாண்ட் ஏதோ ஒரு வெளிநாட்டு வெப்சைட்டில் சும்மா கிடைக்கிறது, இங்கே அழுத்தினால் போதும் என்று. ஸ்டெல்லா அந்த வரியை எடுத்தார். துரைசாமி மறுபடி போட்டார். ஸ்டெல்லா மறுபடி எடுத்தார். ஒரு வாரம் இதே வேலை. கடைசியில் துரைசாமி நேரில் என் கடைக்கே வந்துவிட்டார். ஸ்டெல்லாவும் அப்போது கீழேதான் இருந்தார்.

"ஏனுங் அம்மணி, நான் என்ன திருடுனனா? எங்கியோ கெடக்குது, வழி சொன்னேன். ஈரோடு பஸ் எங்க நிக்குதுன்னு சொல்றவன், ஏறுனவன் டிக்கெட் எடுக்காததுக்குப் பொறுப்பா?"

"பஸ்ஸைக் காட்டுங்ணா, வேண்டாங்கல. அடுத்தவரு ஊட்டுப் பின்கதவு தொறந்து கெடக்குதுன்னு போர்டு எழுதி மாட்டறீங்க பாருங்க, அதைத்தான் வேண்டாங்கறேன். அது யார் வெச்ச சரக்குங்க? பவானிக்காரரு வெச்சாரா?"

"அவரு எங்க வெச்சாரு…"

"அப்பறம் என்னங்க பேச்சு?"

துரைசாமி என் பக்கம் திரும்பினார். "கனெக்‌ஷன் உங்களுது. நீங்க சொல்லுங்க. அந்த வரி இருந்தா நம்ம யாவாரமும் இருக்கும்."

அவர் புதிதாகத் திறக்கவிருந்த அச்சகத்துக்கு அத்தனை கம்ப்யூட்டரும் என்னிடம்தான் எடுப்பதாகப் பேச்சு. எனக்கு ஸ்டெல்லா மேல்தான் கோபம் வந்தது. "உங்க நியாயத்துக்கு என் யாவாரம்தான் கெடைச்சுதுங்களா அம்மணி?" என்றேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. "வரியைப் போட்டுக்கங்ணா. மேற்பார்வையை வேற ஆளுகிட்டக் குடுத்துருங்க. நான் மேல பத்திரிகை அடிச்சிட்டு இருந்துக்கறேன்."

நான் வியாபாரி. லாப நட்டம் பார்க்காமல் எதையும் செய்ததில்லை. அன்றும் பார்த்தேன். ஸ்டெல்லா அந்த ஃபாண்டை விலை கொடுத்து வாங்கி வைத்திருந்தார். ஓசியில் எடுத்தவர்கள் அவரைவிடக் குறைத்துப் பத்திரிகை அடித்துக்கொடுத்தார்கள். தன் தொழில் அடிபட்டும் அடுத்தவர் சரக்கில் கைவைக்காத ஆள் நாளைக்கு என் சரக்கிலும் கைவைக்க மாட்டார். அப்படிப்பட்டவர் மாடியை விட்டுக் கீழே வராமல் போனால் இந்தப் பக்கம் சந்தைக்கடையாகிவிடும். "வரி வேண்டாங்க" என்று துரைசாமியிடம் சொன்னேன். அவர் கம்ப்யூட்டர்களை வேறு கடையில் எடுத்தார். நட்டம் நட்டம்தான். அதை ஸ்டெல்லாவிடம் அடிக்கடி சொல்லிக்காட்டுவேன். "அதுக்குத்தான் தெனமும் டீ வாங்கித் தர்றேனுங்களே, இன்னுமா கழியல?" என்பார்.

அந்தச் சண்டையைக் கேள்விப்பட்ட ஓர் உறுப்பினர் பயந்துபோய், நம் பக்கத்தில் இருந்த லிங்க் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். பிரிண்டர் கம்பெனி தானே வைத்திருந்த பக்கத்துக்குப் போகும் வழியும் போயிற்று. ஸ்டெல்லா சிரித்துக்கொண்டே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டார். "செஞ்சவரே வெச்சிருக்கற எடத்துக்கு நூறு வழி சொல்லுங்க. யார் வெச்சதுன்னு தெரியாட்டி விசாரிங்க. விசாரிச்சும் தெரியாட்டி சும்மா இருங்க. அவ்வளவுதானுங்களே, இதுக்கெதுக்குப் பயம்?" நம் பக்கத்தின் தலையில் இன்றும் இருக்கும் விதி அவர் அன்று சொன்னதுதான்.

அடக்கம் முடிந்த மறுநாள், அவரைத் தெரிந்தவர்கள் எழுதுவதற்காக ஒரு தனிப்பகுதி திறந்தேன். முதலில் எழுதியவர் துரைசாமி. 'என்னோடு சண்டை போட இனி யார் இருக்கிறார்கள்' என்று எழுதி, கீழே ஒரு லிங்க் கொடுத்திருந்தார். 'ஸ்டெல்லா அம்மணி பாடியது இங்கே.' ஸ்டெல்லாவின் சர்ச் பாடகர் குழு, கூரையைச் செப்பனிடுவதற்காகக் கேசட் போட்டு விற்றுவருகிறது. அதில் ஒரு பாட்டு ஸ்டெல்லா தனியாகப் பாடியது. அழுத்தினேன். போன் லைனில் விட்டு விட்டு, நின்று நின்று அவர் குரல் வந்தது. முடியும்வரை கேட்டேன். பிறகு துரைசாமிக்குப் போன் செய்தேன்.

"ஏனுங்ணா, அது யார் வெச்ச சரக்குங்க?"

"யாரோ கேசட்டை அப்படியே ஏத்தி வெச்சிருக்கறாங்க. சர்ச்சுக்காரங்க வெச்சதில்லீங்க." பிறகு கேட்டார், "இதுக்குமாங்க?"

"இதுக்குந்தாங்க."

"சரி, எடுத்துப்போடுங்க. அம்மணி இருந்திருந்தா நான் எழுதுன கையோட எடுத்திருக்கும்."

எடுத்தேன். மேற்பார்வை என் கைக்கு வந்தபின் நான் செய்த முதல் வேலை, ஸ்டெல்லாவின் குரலுக்குப் போகும் வழியை அவருடைய அஞ்சலியிலிருந்தே எடுத்ததுதான். அந்த இடத்தில் இப்போது இப்படி இருக்கிறது: 'கேசட் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சர்ச் வாசலில் கிடைக்கும். வாங்கிக் கேளுங்கள்.'

அவரிடமிருந்து என்னிடம் தங்கியது அந்த ஒரு கேள்விதான். கேசட் நான் இன்னும் வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போக வேண்டும்.