லண்டனுக்கு ஆறு மணி நேரம்

அண்ணன் லண்டனுக்குக் கிளம்பிய அன்று அம்மா அழுத அழுகையில் தெருவே கூடிவிட்டது. அவளைச் சமாதானப்படுத்த அவனுடைய டிக்கெட்டை வாங்கிப் பார்த்தேன். சென்னையில் காலை ஐந்துக்கு ஏறினால் அன்றைக்கே பதினொன்றுக்கு லண்டன். ஆறு மணி நேரம்தான், இங்கிருந்து தஞ்சாவூர் போகிற நேரம் என்றேன். அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு காபி போடப் போனாள்.

அந்த ஊர்க் கடிகாரம் நம்முடையதுக்குப் பின்னால் ஓடுகிறது, உண்மையில் பத்தரை மணி நேரத்துக்கு மேல் என்று போய்ச் சேர்ந்த பிறகுதான் அண்ணன் சொன்னான். நிம்மதியாக இருக்கிறவளைக் கெடுப்பானேன் என்று நான் அதை அம்மாவிடம் சொல்லவில்லை. எனக்கு நானே வைத்துக்கொண்ட ஆப்பு அது.

அம்மா இடுப்பெலும்பு முறிந்து படுத்து மூன்று வருஷமாகிறது. நான் இருப்பது பக்கத்து ஊரில். காலையும் மாலையும் ஷேர் ஆட்டோவில் வந்து அவளைப் பார்த்துக்கொள்கிறேன். காலையில் அம்மா வீட்டுத் தெரு நெடுக நெசவுக்கான பட்டு நூலைப் பாவாக இழுத்துக் கட்டியிருப்பார்கள். ஆட்டோ முனையிலேயே இறக்கிவிட்டுவிடும். இழையில் முந்தானை படாமல் ஓரமாக நடந்து வருவதற்குள் பத்து நிமிஷம் தாமதமானால் போச்சு, அவ்வளவு தூரத்திலிருந்தா வருகிறாய் என்று ஆரம்பித்துவிடுவாள். அண்ணனை ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. அவன்தான் பக்கத்தில் இருக்கிறானே! நினைத்தால் வந்துவிடுவானாம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சிங்கப்பூரில் இருக்கும் என் மகளுக்குப் பிரசவம் நெருங்கியது. தலைப்பிரசவம் தாய் வீட்டில் நடக்க வேண்டும். படுக்கையில் ஒருத்தியை வைத்துக்கொண்டு அவளை எப்படி அழைத்து வருவேன்? நானே போவதாக ஏற்பாடு. மகள் டிக்கெட் அனுப்பினாள். ஒரு மாதம் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆளும் பேசி வைத்தேன். எத்தனை மணிக்கு விமானம் என்று அம்மா கேட்டாள். காலை பத்துக்கு ஏறினால் மாலை ஐந்துக்குப் போய்விடலாம் என்று வாசித்தேன். அவள் விரல் விட்டு எண்ணினாள்.

"ஏழு மணி நேரமா? லண்டனவிட தூரமா இருக்குதே. அவ்ளோ தூரம் உன்ன எப்டிம்மா அனுப்புறது?"

நாலரை மணி நேரம்தான் பறக்கும், அந்த ஊர்க் கடிகாரம் நமக்கு முன்னால் ஓடுகிறது என்று விளக்கினேன். அவள் தலையில் ஏறவில்லை. மூன்று நாள் இதே பாட்டு. நாலாம் நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. லண்டன்தான் தூரம், அவன் நினைத்தாலும் உடனே வர முடியாது, அன்றைக்கு நான் சொன்னது தப்பு என்று கொட்டித் தீர்த்துவிட்டேன். இனியாவது என்னை விடுவாள் என்று நினைத்தேன்.

அம்மா படுத்தபடியே கையை நீட்டினாள். என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப அவன் பக்கத்துல இல்லியா? எனக்குன்னு நீ ஒருத்திதான் இருக்கிறியா?"

அந்தக் கையை எடுத்துவிட எனக்கு மனசு வரவில்லை. கோபம் அவள் மேலா, அண்ணன் மேலா, என் மேலேயா என்றும் தெரியவில்லை. மறுநாள் மகளுக்குப் போன் செய்து, உன் பாட்டிக்கு முடியவில்லை என்று இழுத்தேன். அவள் என்னை முடிக்க விடவில்லை.

"உன்னால வர முடியாதுன்னு தெரியும்மா. உனக்கு டிக்கெட் போட்டப்பவே என் மாமியாருக்கும் சேத்துப் போட்டுட்டேன்."