அப்பாவுக்குக் கேட்காத வெள்ளி

அப்பா போன மாதம் இறந்தார். இதயம். அதற்கு முன்பே போனது வேறொன்று, அதைத்தான் எழுதுகிறேன்.

அவர் குடிநீர் வாரியத்தில் கசிவு பார்ப்பவர். ஆள் உயர இரும்புக் கம்பியின் ஒரு நுனியைச் சாலையில் ஊன்றி, மறு நுனியில் இருக்கும் மரக் குமிழைக் காதில் வைப்பார். மண்ணுக்குள் குழாய் எங்கே ஒழுகுகிறது என்று கேட்டுச் சொல்வார். அந்த இடத்தில் தோண்டுவார்கள். வேலையிடத்தில் அவருக்குப் பெயரே 'காது'தான். வீட்டு வாசலில் வந்து, "காது இருக்காரா?" என்பார்கள். அம்மா உயிரோடு இருந்தவரை, "ரெண்டும் இருக்கு. நான் சொல்றதுக்கு மட்டும் வேலை செய்யாது" என்று பதில் சொல்வாள்.

ஓய்வுக்குச் சில ஆண்டுகள் முன்பே அவரும் பக்கத்துத் தெருத் தையற்கார மாமாவும் ஆளுக்கொரு உலோகம் காட்டும் கருவி வாங்கினார்கள். ஊருக்கு வெளியே முன்பு சந்தை கூடிய மேடு இப்போது உழுகிற நிலம். நிலக்காரர் சம்மதித்தார். விதைப்பு இல்லாத மாதங்களில் இருவரும் கருவியை மண்ணுக்கு மேல் வீசியபடி நடப்பார்கள். இரும்பு ஆணிக்கு உறுமல். தகரத்தாளுக்குத் தட்டையாக ஒரு சத்தம். செம்புக் காசுக்கு உருண்டையாக. வெள்ளிக்கு உச்சியில், ஊசி போல. அப்பா எல்லாவற்றையும் வாயால் செய்து காட்டுவார். கருவியின் திரையில் எண்ணும் வரும். அவர் அதன்மேல் கறுப்பு ஒட்டுநாடாவை ஒட்டிவிட்டார்.

"எண்ணைப் பாத்துத் தோண்டணும்னா நான் எதுக்கு? கண்ணு இருக்கிற எவனும் தோண்டிக்குவானே."

சில ஆண்டுகள் வெள்ளி வந்தது. அப்பா ஓய்வு பெறும் சமயத்தில் குறைந்தது. பிறகு ஆணிகளும் செம்பும் மட்டும். மேடு தீர்ந்துவிட்டது என்றார். அந்தச் சமயத்தில்தான் மாமா, அப்பா நடந்து முடித்த வரிசையிலேயே பின்னால் வந்து ஒரு வெள்ளிக்காசு எடுத்தார். சற்றுத் தள்ளி இன்னொன்று. அடுத்த வாரமும் அப்படியே.

அன்று நானும் அங்கே இருந்தேன். அப்பா மண்வெட்டியைக் கீழே போட்டார்.

"யோவ், நான் நடந்த இடத்துல வெள்ளி இருக்காது. நீ பையில கொண்டு வந்து போடுறே."

"எனக்கென்னய்யா வேண்டுதலா, என் காசையே புதைச்சு எடுக்க?"

"என்னை முட்டாளாக்கணும்."

"அதுக்கு நான் குனிஞ்சு தோண்டணுமாக்கும்" என்றார் மாமா. அப்பா சிரிக்கவில்லை. கருவியைத் தூக்கிக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்தார்.

மறுநாள் மாமா கழுத்தில் அளவுநாடாவோடு என் வேலையிடத்துக்கு வந்தார். மருத்துவமனைக் கருவிகளைச் சரிபார்ப்பது என் வேலை.

"பாப்பா, கோபமெல்லாம் இல்ல. நேத்து அவன் கருவியோட அடித்தட்டு அந்தக் காசுக்கு நேர் மேல போச்சு. அவன் கருவி கத்துச்சு. எனக்குக் கேட்டுச்சு. அவன் நிக்கல."

காது சோதிக்கும் கருவி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, அப்பாவுக்குக் காதொலிப்பானை மாட்டி ஒலிகளை ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். கீழ்ச் சுருதி ஒலிகளுக்கு உடனே தூக்கினார். அவர் வயதில் அவ்வளவு நல்ல காதை நான் பார்த்ததில்லை. சுருதியை உயர்த்தினேன். விரல் தாமதித்தது. பிறகு நின்றது. சத்தத்தைக் கூட்டினேன். மேசைக்கு எதிரே இருந்த எனக்கே காதொலிப்பானுக்கு வெளியே கேட்டது. அப்பா புருவத்தைத் தூக்கிக் காத்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, இன்னும் ஆரம்பிக்கலையா?"

கருவியில் வெள்ளிக்கு உரிய ஒலியைக் கீழே இறக்கி வைத்தேன். அது எளிது. மேட்டுக்குப் போனோம். கொஞ்ச தூரத்திலேயே நின்றார். தோண்டினார். தேய்ந்த, சின்ன வெள்ளிக்காசு. கையில் வைத்துக்கொண்டு அப்படியே உழவுக்கட்டிகள் மேல் உட்கார்ந்தார். மகிழ்ச்சி முகத்தில் வரும் என்று பார்த்தேன்.

"எப்பத்துலேருந்து?" என்றார்.

எனக்குப் புரிந்தது. வேலையின் கடைசி வருடம் ஒரு சந்தில் சுவர் ஈரமாகிறது என்று புகார். அப்பா கம்பி வைத்துக் கேட்டு, கசிவு இல்லை என்றார். சில வாரங்களில் சுவர் விழுந்தது. சலவைக்காரர் மகளின் கால் போயிற்று. சாக்கடை நீர் அடித்தளத்தை அரித்ததுதான் காரணம் என்று விசாரணையில் சொன்னார்கள். அப்பாவும் அதை நம்பித்தான் இருந்தார், அந்தக் காசு கையில் வரும்வரை.

அன்று மாலையே மாமாவின் கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். "விடுய்யா, துணியில மிச்சம் புடிக்கிறவன்தானே நான். நீ சந்தேகப்பட்டது ஆளு சரி, பொருள்தான் தப்பு" என்று மாமா தையல் இயந்திரத்தை மிதித்தார். அதற்கும் அப்பா சிரிக்கவில்லை.

நான் விளக்கினேன். கசிவின் சத்தம் கீழ் ஒலி. வெள்ளியின் சத்தம் மேல் ஒலி. உங்களுக்குப் போனது மேலே இருப்பது மட்டும். காது சோதனையின் வரைபடத்தைக் காட்டினேன்.

"நீ என் பொண்ணு. வேற எப்படிச் சொல்லுவே?"

பழைய கம்பியை எடுத்துக்கொண்டு பகலில் தெருத்தெருவாகப் போனார். குனிந்து கேட்கிற கிழவரைப் பார்த்து, பூமிக்குத் தொலைபேசி போடுகிறார் என்று கடைக்காரர்கள் கேலி செய்தார்கள். ஒழுகுவதாக வாரியம் குறியிட்டிருந்த இடத்துக்கு நானே அழைத்துப் போனேன். கேட்டார். கம்பியை என்னிடம் கொடுத்தார். இரைச்சல் தெளிவாக இருந்தது.

"கேக்குதுல்லப்பா?"

"கேக்குது. இங்க ஒழுகுதுன்னு தெரிஞ்சு காதை வச்சா கேக்கத்தான் செய்யும். தெரியாம வைக்கணும்."

அவர் சொன்னது சரி. நான் படித்த படிப்பும் அதையே சொல்லும். அப்படியே செய்வோம், மாமாவும் வாரியத்து ஆட்களும் இடங்களைத் தேர்ந்தெடுக்கட்டும், எங்கே ஒழுகுகிறது என்று நம் இருவருக்கும் தெரிய வேண்டாம் என்றேன்.

"நல்லா வந்தா நான் நம்ப மாட்டேன். கெட்டதா வந்தா தாங்க மாட்டேன். எதுக்குடி அது?"

பிறகு மேட்டுக்குப் போகவில்லை. மாமா இரண்டு முறை வந்து கூப்பிட்டார். மூன்றாம் முறை கூப்பிடாமல், பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போனார்.

கடைசி வாரங்களில் சமையலறைக் குழாயை மூடிவிட்டு என்னைக் கூப்பிடுவார். "மூடியிருக்கா பாரும்மா."

"மூடியிருக்குப்பா. சத்தமே இல்லையே."

தலையாட்டுவார். நான் நகர்ந்ததும் குழாயின் வாய்க்குக் கீழே விரலை நீட்டி, அது நனைகிறதா என்று பார்த்தபடி நிற்பார்.