ஏஞ்சல் கடித்த ஜன்னல்

பெயிண்டர் வேலையில் பெயிண்ட் அடிப்பது கால்வாசிதான். மீதியெல்லாம் பழைய பெயிண்ட்டைச் சுரண்டுவதும், வீட்டுக்காரர்களைச் சமாதானப்படுத்துவதும். வேலை முடியும்வரை கட்டிலை அடுப்பங்கரையில் போட்டுப் படுத்த அனுபவம் உள்ளவர்களுக்கு என் பாடு சொல்லாமலே புரியும். இது திருப்பூர் ராயபுரத்தில் ஒரு பழைய வீட்டில் நடந்தது.

பல் முளைக்கிற நேரம்

வாடகைக்கு இருந்தவர் சகாயமேரி, தூத்துக்குடிப் பக்கம். பனியன்களில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறு வெட்டும் வேலையை வீட்டிலேயே செய்கிறார். மகள் ஏஞ்சலுக்கு இன்னும் சரியாகப் பேச்சு வரவில்லை. கட்டில்மேல் ஏறி, ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, தெருவில் போகும் பனியன் கம்பெனி வேன்களைப் பார்ப்பதுதான் அவள் முழுநேர வேலை. நான் சுரண்டப் போன ஜன்னல் சட்டத்தில் குட்டிக் குட்டியாகப் பல் தடம். மேலே நீலம், அதன் அடியில் பச்சை, அதற்கும் அடியில் மஞ்சள் தெரிந்தது.

சுரண்டும் தகட்டைக் கீழே வைத்துவிட்டேன். அந்தக் காலத்துப் பெயிண்ட்டில் ஈயம் இருக்கும், அது பிள்ளைகள் வயிற்றுக்குள் போனால் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், வெளியே ஒன்றும் தெரியாது என்று பெயிண்ட் கம்பெனிக் கூட்டத்தில் சொல்லியிருந்தார்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் பார்க்கச் சொன்னேன். சகாயமேரிக்கு முதலில் நம்பிக்கை இல்லை.

"பல்லு மொளைக்க நேரம்லாண்ணே, கண்டதையும் கடிக்கத்தான் செய்வா."

கழுவுகிற பெயிண்டர்

ஆனாலும் மறுநாளே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். ரிசல்ட் வரச் சில நாள் ஆகுமாம். அதுவரை அம்மாவும் மகளும் அடுத்த தெருவில் ஒரு சிநேகிதி வீட்டில் இருக்கட்டும் என்று அனுப்பி வைத்தேன்.

அப்புறம் கதவைச் சாத்தி, தரையில் பிளாஸ்டிக் ஷீட் விரித்து, முகத்தில் மாஸ்க் கட்டி, சட்டத்தில் தண்ணீர் தெளித்துத் தெளித்துச் சுரண்டினேன். உப்புத்தாளைக் காய்ந்த மரத்தில் போட்டுத் தேய்த்தால் வேலை சீக்கிரம் முடியும்தான். ஆனால் தூசி வீடு முழுக்கப் படியும், பிள்ளை அதில்தான் உருண்டு விளையாடும். அதே வீட்டின் இன்னொரு பக்கத்தில் குடியிருக்கும் ஓனர் நாச்சிமுத்து கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தார். அந்த நீலம் அவருடைய அப்பா காலத்தில் அடித்தது, அதில் அவருக்கு ஒரு பெருமை.

"ஏனுங்க, பெயிண்ட் அடிக்கக் கூப்பிட்டா நீங்க ஊட்டக் குளிப்பாட்டீட்டு இருக்கறீங்க?"

தலையணை

மற்ற ஊரில் துடைக்கத் துணி இல்லாமல் பெயிண்டர் திண்டாடுவான். திருப்பூரில் அந்தக் கவலையே கிடையாது, பனியன் வேஸ்ட் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். ஈரத் துணியால் தூசியையெல்லாம் துடைத்து, அந்தத் துணிகளை ஒரு பையில் திணித்து மூலையில் வைத்துவிட்டுப் போனேன். இரண்டு நாள் கழித்து வந்தால் பையைக் காணோம்.

ஓனரின் மனைவி சாந்தாமணி அக்கா அதைத் துவைத்து, கொடியில் காயப்போட்டு, உள்ளே திணித்து ஏஞ்சலுக்கு ஒரு தலையணையே தைத்து வைத்திருந்தார். நல்ல மனசுதான், நான் யாரைத் திட்டுவது? ஈயத் தூசி துவைத்தாலும் முழுசாகப் போகாது என்று சொன்னதும் அக்கா முகம் வெளிறிவிட்டது. தலையணையைப் பைக்குள் போட்டு இறுக்கிக் கட்டினார், துவைத்த வாளியைத் தேய்த்துக் கழுவினார், கையையும் சோப்புப் போட்டுக் கழுவினார். ஆனாலும் மனசு ஆறவில்லை.

"அதுக்குன்னு பனியன் துணிய ஆராச்சும் குப்பைல போடுவாங்களாங்க?"

ரிசல்ட்

கடைசிப் பூச்சு அடித்துக்கொண்டிருந்தபோது சகாயமேரி வாசலில் வந்து நின்றார். இடுப்பில் ஏஞ்சல். அழுத கண். அப்புறம்தான் சொன்னார்: ரத்தத்தில் ஈயம் கொஞ்சமாகத்தான் இருக்கிறதாம், மருந்து தேவையில்லையாம், இனிமேல் உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டு, கீரை, முட்டை, பால் கொடுத்து, சில மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்த்தால் போதுமாம். வெளிப்படையாகச் சொல்கிறேன், நான் பெயிண்ட் வாளிமேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நாச்சிமுத்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். அவர் குடியிருக்கும் பக்கமும் அதே நீலம்தான். வீட்டுக்குள் போய்த் திரும்பி வந்தார், என் காலடியில் தண்ணீர் வாளியைக் கொண்டுவந்து வைத்தார்.

"எங்கூட்டு சன்னலையும் இப்படியே பண்ணிருங்க, பேரன் இப்பத்தான் புடிச்சு நிக்கறான்."

ஏஞ்சல் கடித்த ஜன்னலுக்கு நான் அடித்த கலர் எப்படி இருக்கிறது என்று இதுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை; கலரை யாரும் பாராட்டாவிட்டால் எனக்குக் கோபம் வரும், என் பிழைப்பில் அப்படிக் கோபமே வராத ஒரே வேலை அதுதான்.