பஞ்சர் ஆகாத சைக்கிள்

ஒத்தக்கை என்கிற பேரைத் தையல்காரி முதன்முதலாகக் கேட்டது, அவளுடைய அக்காவுக்கு மாப்பிள்ளை சொல்லிப் பெரியப்பா வந்த அன்றைக்கு. பெரியப்பா என்றால் அப்பாவோடு பிறந்தவர் இல்லை. அம்மாவின் அக்காவைக் கட்டியவர். மரக்கம்பெனியில் வேலை பார்த்தவர், எந்தப் பேச்சையும் நடுவிலிருந்துதான் ஆரம்பிப்பார். "நம்ம ஒத்தக்கைக்கே கொடுத்திடலாம்" என்று அவர் சொன்னதும் அம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது.

"என் பொண்ணுக்கு என்ன குறைச்சல்னு கை இல்லாதவனைக் கொண்டு வர்றீங்க?"

"ரெண்டு கையும் இருக்கும்மா. ஒத்தக் கையில லாரி ஓட்டுவான். இன்னொண்ணு சும்மா ஜன்னல்ல கிடக்கும்."

தையல்காரிக்கு அப்போது பால்பல் விழுகிற வயசு. மாப்பிள்ளை வந்தபோது அவர் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதனால் அவர் அவளை "என்ன பாப்பா, எண்ணி முடிச்சிட்டியா?" என்று கேட்டார். அன்றிலிருந்து அவள் அவருக்குப் பாப்பாதான். அவள் தலை நரைத்த பிறகும் பாப்பாதான்.

கல்யாணமானதும் அக்கா மலை மேலே போனாள். காட்டுக்குள் போகிற மரவண்டிப் பாதை முடிகிற இடத்தில் கம்பெனி வீடு. இரண்டு அறை, தகரக் கூரை. லாரியை ஜன்னலை ஒட்டி நிறுத்துவார். அக்கா கையை வெளியே நீட்டி அதன் கண்ணாடிக் கம்பியில் துணி காயப்போடுவாள். அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே மூச்சு இளைப்பு. கீழே ஊரில் இரண்டு மரமில், எந்நேரமும் காற்றில் தூள். இறங்கி வந்தால் ராத்திரிக்குள் நெஞ்சில் பூனை கத்த ஆரம்பித்துவிடும். மேலே இருந்தால் பாட்டுப் பாடிக்கொண்டே பாத்திரம் தேய்ப்பாள். டாக்டரும் அதையேதான் சொன்னார்: மேலேயே இருங்கள். பிள்ளைகள் இல்லை. அவருக்கு அவள், அவளுக்கு அவர், இருவருக்கும் லாரி.

காலம் போனது. மரம் வெட்டுவதை நிறுத்தினார்கள். கம்பெனி போனது, பெரியப்பாவும் போய்ச் சேர்ந்தார். பிறகு வனத்துறைக்காரர்கள் வந்து அந்தப் பாதையைச் சுரண்டி, பொடிச் சரளை பரப்பி, உருளை ஓட்டி, அடிவாரத்தில் கோடு போட்ட ஒரு கம்பத்தைக் குறுக்கே வைத்தார்கள். இனி மேலே மோட்டார் வண்டி போகாது. சைக்கிள் மட்டும். ஆம்புலன்ஸுக்கும், வாரம் ஒருமுறை சாமான் கொண்டுபோகிற ஜீப்புக்கும் கம்பம் தூக்கும்.

சைக்கிள்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். கலர் கலராகச் சட்டை, தலையில் தொப்பி, முதுகில் தண்ணீர்ப் பை. நல்ல ஜனங்கள். குப்பை போடமாட்டார்கள், எதிரே வந்தால் வணக்கம் வைப்பார்கள். திட்டுவதற்குக்கூட ஒருத்தரும் வாகாகக் கிடைக்கவில்லையே என்பதுதான் ஒத்தக்கையின் மனக்குறை. தன் லாரிக்கு மட்டும் வழி விடச் சொல்லி அதிகாரியிடம் போய்க் கேட்டார். அதிகாரி நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார், "என் கையில எதுவும் இல்லைங்க" என்றார். போகும்போது, மேலே குடியிருக்கிறவர்களுக்கு என்று ஒரு பேட்டரி சைக்கிளைக் கொடுத்து அனுப்பினார். மிதிப்பதே தெரியாதாம், மேட்டில் தானே இழுத்துக்கொண்டு போகுமாம்.

லாரி இப்போது அடிவாரத்தில், தையல்காரியின் கடைக்குப் பக்கத்துக் காலி மனையில் நின்றது. பிழைப்பு கீழே, பெண்டாட்டி மேலே. மில்லிலிருந்து பலகை ஏற்றிச் சமவெளியில் இறக்கிவிட்டு வருவார். வந்து லாரியைப் பூட்டிவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மலையேறுவார். காலையில் தள்ளிக்கொண்டு இறங்குவார்.

இதை முதலில் கவனித்தது கம்பத்துக் காவலாள். பேன்ட் ஒட்டுப் போட வந்தவன் சொன்னான்: "உங்க அத்தானுக்கு என்ன ராசிக்கா இது? காலையிலயும் பஞ்சர், சாயங்காலமும் பஞ்சர். வர்ற சைக்கிள்காரங்க எல்லாம் நின்னு நின்னு ட்யூப் கொடுத்துட்டுப் போறாங்க. மறுக்காம வாங்கிக்கிறாரு. கடையே வைக்கலாம்."

அன்று அவர் வந்தபோது தையல்காரி டயரை அமுக்கிப் பார்த்தாள். கல்லு மாதிரி இருந்தது.

"அத்தான், இதுல எங்க பஞ்சர்?"

அவர் லாரியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார்.

"உங்களுக்கு ஓட்டத் தெரியாதா?"

"சின்னதுலயே லாரியில கிளீனரா ஏத்தி விட்டுட்டாங்க பாப்பா. நடுவுல சைக்கிளுக்கு நேரமே வரல."

"அதைச் சொல்றதுக்கு என்ன?"

"இத்தனை வருஷம் மலையில மரம் இறக்கினவன், எனக்கு சைக்கிள் வராதுன்னு போய் அந்த அதிகாரிகிட்ட சொல்லணுமா? உங்க அக்காகிட்டயும் சொல்லிடாதே."

மில்லுக்குப் பின்னால், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில், அவள் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். அவளுக்கு ஐம்பது தாண்டியாயிற்று, அவருக்கு அறுபது தாண்டியாயிற்று. பாதாளத்தின் விளிம்பில் லாரியை ரிவர்ஸ் எடுத்த மனிதர், "விட்டுடாதே, விட்டுடாதே பாப்பா" என்று கெஞ்சினார். "நான் விடலை, நீங்க கீழே பார்க்காதீங்க. இது ஸ்டியரிங் இல்லை, அப்படிச் சுத்தாதீங்க. ரெண்டு கையாலயும் பிடிங்க." ஒரு கை தானாக எழுந்து இல்லாத ஜன்னலில் போய் உட்காரப் பார்க்கும், உடனே மரத்தூளில் சாய்வார். பல நாள் பார்த்தார்கள். இரண்டு லாரி நீளத்துக்குமேல் போகவில்லை. அப்புறம் முட்டி வீங்கிவிட்டது. மறுபடியும் தள்ளிக்கொண்டே போனார், முன்னைவிட மெதுவாக.

மழை விட்ட ஒரு மத்தியானம். லோடு இறக்கிவிட்டு வந்து, தையல்காரி கடை வாசலில் சைக்கிளைக் கையில் பிடித்தபடி நின்றார். அக்காவுக்கு வாங்கிய இன்ஹேலர் சட்டைப் பையில் இருந்தது. அப்போது போன் அடித்தது. காதில் வைத்தவர், "என்னம்மா, என்னம்மா?" என்றார். தையல்காரி பிடுங்கிக் கேட்டாள். அந்தப் பக்கம் பேச்சு இல்லை, இழுப்புதான். நடுவில் "தீர்ந்து போச்சு" என்று ஒரு வார்த்தை.

"பழைய மருந்து தீர்ந்துடுச்சாம். அத்தான், ஏறுங்க."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. அவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டார். சத்தம் கேட்டு வந்த காவலாள் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டான். பக்கத்து ஊரிலிருந்து வரவேண்டும், நேரமாகும் என்றார்கள். "லாரிக்குக் கம்பத்தைத் தூக்குடா" என்று அவர் ஓடினார். காவலாள் தூக்கவும் தூக்கினான். ஆனால் முதல் வளைவிலேயே பாதையைக் குறுக்கி இரண்டு பக்கமும் கல் நட்டிருந்தார்கள். ஜீப்பும் ஆம்புலன்ஸும் நூலிழையில் நுழையும், லாரி நுழையாது. அவருக்கு அது தெரியாததா? தினம் அதைக் கடந்து போகிறவர். கம்பத்தடியில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத் திரும்பி வந்து இன்ஹேலரைத் தையல்காரி கையில் வைத்தார்.

"நீ போ."

அவள் சைக்கிளில் ஏறினாள். சொன்னது போலவே மேட்டில் அது இழுத்துக்கொண்டு போனது. பின்னால் கொஞ்ச தூரம் அவருடைய செருப்புச் சத்தம் சரளையில் ஓடிவந்தது, பிறகு நடந்துவந்தது, பிறகு கேட்கவில்லை.

அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள், உதடு நீலம் பாய்ந்து. மருந்து உள்ளே போனதும் மூச்சு கொஞ்சம் திரும்பியது, முழுசாகத் திரும்பவில்லை. ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தபோது தையல்காரி எட்டிப் பார்த்தாள். அதில் அவர் இல்லை. மேட்டில் நிறுத்தினால் மறுபடி எடுப்பது கஷ்டம் என்று தானே ஒதுங்கி வழி விட்டாராம்.

அக்காவை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது பாதி மலையில் அவரைப் பார்த்தாள். பாதையோரம் நின்றார், வேர்வையில் சட்டை ஒட்டியிருந்தது. "அண்ணே, கொஞ்சம் நிறுத்துங்க, அவரு இவங்க வீட்டுக்காரர்" என்று டிரைவரிடம் சொன்னாள். டிரைவர் வேகத்தைக் குறைத்தான். ஈரச் சரளை, இறக்கம், வளைவு. வண்டி லேசாக வழுக்கியது. ஒத்தக்கை அதைப் பார்த்தார். உடனே கையை வீசி, லாரிக்காரர்கள் ஒருத்தருக்கொருத்தர் காட்டுவார்களே அது மாதிரி, நிற்காதே போ, போ என்று காட்டினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் முகம் வந்தது, போனது. அக்கா கண்ணைத் திறந்து, "யாரு?" என்றாள்.

"அத்தான்."

"நடந்தா வர்றாரு?"

"ஆமா."

அக்கா ஆக்சிஜன் முகமூடிக்குள் சிரித்த மாதிரி இருந்தது. "அவருக்கு சைக்கிள் வராதுடி. கட்டிக்கிட்ட வருஷமே எனக்குத் தெரியும். சொன்னா பாவம், மூஞ்சியை எங்க கொண்டுபோய் வச்சிக்குவாரு?"

அவர் ஏறிய மலையை அத்தனையும் இறங்கி, ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்போது இருட்டிவிட்டது. வராந்தாவில் உட்கார்ந்து, "நான் ஏறியிருந்தா" என்று ஆரம்பித்தார்.

"ஏறியிருந்தா முதல் திருப்பத்துல கிடந்திருப்பீங்க. ஆம்புலன்ஸ் உங்களை ஏத்திக்கிட்டுத் திரும்பியிருக்கும்" என்றாள் தையல்காரி. ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னாள்.

அக்கா பிழைத்தாள். ஆனால் அவசரத்துக்கு உடனே வண்டி வந்து நிற்காத வீட்டுக்கு அனுப்ப முடியாது, கீழே ஊரிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். மலைக்காற்றுதான் நல்லது என்று சொன்ன அதே டாக்டர்தான். இரண்டும் சரிதான், இரண்டையும் ஒரே இடத்தில் வைக்க அவருக்கும் வழி தெரியவில்லை. தையல்காரி தன் வீட்டுப் பின்னறையை ஒழித்துக் கொடுத்தாள். ஜன்னல் இடுக்கிலெல்லாம் துணி அடைத்தார்கள். அப்படியும் மில்தூள் எப்படியோ உள்ளே வருகிறது; தினம் காலையில் தலையணையில் விரலால் கோடு போடலாம். அக்கா பாடுவதில்லை. மேலே அந்த வீட்டைச் சைக்கிள்காரர்கள் இளைப்பாறுகிற இடமாக மாற்றிவிட்டார்கள் என்று காவலாள் வந்து சொன்னான்.

ஒத்தக்கை இப்போது தையல்காரி வீட்டுப் பின்னறையில் இருக்கிறார். பகலில் மில்லுக்கு லாரி ஓட்டுகிறார், ராத்திரி அக்காவின் கட்டிலுக்குக் கீழே படுத்துக்கொள்கிறார்.