நாலாம் வரியில் ஒரு பின்கள வீரர்

நானூற்று முப்பத்தொரு ஆட்டம். எதிரணியின் வலைக்குள் ஒரு கோல், சொந்த வலைக்குள் மூன்று கோல். இரண்டு முறை உடைந்த மூக்கு, வெட்டித் தைத்த ஒரு முழங்கால். அயர்லாந்துக்காரரான டோனல் கெரிகனின் இருபது வருடப் பந்தாட்ட வாழ்க்கை இவ்வளவுதான். பின்கள வீரர் என்றால் அப்படித்தான். தடுத்த நாலாயிரம் பந்துகளை எவரும் எழுதி வைப்பதில்லை, விட்ட ஒரு பந்தைச் செத்தாலும் மறப்பதில்லை. பதினேழு வயதில் ஊரிலுள்ள சின்னக் கழகம் ஒன்றில் தொடங்கி, இங்கிலாந்தில் மூன்றாம் பிரிவு, ஸ்கொட்லாந்தில் இரண்டாம் பிரிவு என்று ஐந்து கழகங்களுக்காகச் சேற்றில் நின்றார். ஒருமுறை நாட்டு அணிக்கும் கூப்பிட்டார்கள். தொண்ணூறு நிமிடமும் மாற்று வீரர்களின் வாங்கில் இருத்தி வைத்து, கைகுலுக்கி வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த ஒரு நாள் மட்டும் பத்திரிகையில் பெயர் வந்தது. அதையும் பிழையாக அச்சடித்திருந்தார்கள்.

கடைசியாக மொன்றியலில் ஒரு கழகம் அவரை எடுத்தது. அவர் வந்து ஒரு பருவம் விளையாடுவதற்குள் கழகத்தையே மூடிவிட்டார்கள். மிஞ்சியது முழங்கால் வலி. அந்த வலிக்கு வைத்தியம் பார்த்த பிசியோதெரபிஸ்ட் றொஷினி. முழங்கால் சுகப்படவில்லை, ஆனால் கல்யாணம் நடந்தது. இப்போது டோனல் புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் போர்க்லிப்ட் ஓட்டுகிறார். பெட்டிகளாவது சொன்ன இடத்தில் நிற்கின்றன என்று அவருக்கு அதில் திருப்தி.

றொஷினியின் தகப்பன் சவிரிமுத்துவுக்கு வயது அறுபத்து மூன்று, வீடு கர்க்லாண்டில். பிறந்த ஊரின் பெயரில் நடக்கும் மொன்றியல் சங்குத்துறை விளையாட்டுக் கழகத்தின் தலைவராகப் பதினொரு வருடமாக இருக்கிறார். அந்தப் பதினொரு வருடமும் கழகம் கப் எதையும் கண்ணால் கண்டதில்லை. பந்து என்றால் அவருக்கு உயிர். றொஷினி பிறந்த நேரத்திலும் தான் மைதானத்தில்தான் நின்றதாகப் பெருமையாகச் சொல்வார். மனைவி அல்போன்சம்மா அதைப் பெருமையாகச் சொல்வதில்லை.

அப்படிப்பட்ட மனிதரிடம் வந்து, தான் ஒரு பந்தாட்டக்காரரைக் கட்டப்போவதாக மகள் சொன்னாள். சவிரிமுத்து கேட்ட முதல் கேள்வி, "பந்தடிக்கிறவனுக்கு ஆரும் பெட்டை குடுப்பினமோ?"

பிறகு மற்றக் காரணங்களைத் தேடினார். வேதம் என்று பார்த்தால் டோனல் இவரைவிடப் பெரிய கத்தோலிக்கன். ஞாயிறு பூசை தவறுவதில்லை, மாமிமார் இரண்டு பேர் கன்னியாஸ்திரிகள். குடி என்று பார்த்தால் தேத்தண்ணியைத் தவிர வேறொன்றும் தொடமாட்டார். வெள்ளைக்காரன் என்று சொல்லலாம்தான். ஆனால் எல்லாரும் கடவுளின் பிள்ளைகள் என்று பங்குக் கூட்டத்தில் பேசிக் கைதட்டு வாங்கியவரும் சவிரிமுத்துதான். காரணங்கள் ஒவ்வொன்றாக உதிர, பிடிவாதம் மட்டும் மிஞ்சியது. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நின்றுகொண்டார். கல்யாணத்துக்குப் போகவில்லை. அந்த வருட மார்கழியில் கழகத்தின் நத்தார் விருந்தில் யாரோ விசாரிக்க, கையிலிருந்த மைக்கை அணைக்காமலே பதில் சொன்னார். "எனக்கு மருமகன் எண்டு ஒருத்தரும் இல்லை." மண்டபம் முழுக்கக் கேட்டது. அதற்கு அடுத்த மூன்று நத்தார்களிலும் யாரும் விசாரிக்காமலே சொன்னார்.

அல்போன்சம்மா மட்டும் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஜான்-டலோன் சந்தைக்குப் போவார். கார் ஓட்டிக்கொண்டு போவது சவிரிமுத்து. நிறுத்த இடமில்லை என்று அவர் காரிலேயே இருப்பார். கத்தரிக்காயும் தக்காளியும் வாங்க ஒன்றரை மணி நேரம் ஏன் எடுக்கிறது என்று நாலு வருடமாக அவர் கேட்டதில்லை. திரும்பி வரும்போது மகளும் மருமகனும் பைகளைத் தூக்கிக்கொண்டு கூட வருவார்கள். காருக்கு நாற்பது அடி முன்னால் டோனல் பைகளை அல்போன்சம்மாவின் கையில் கொடுத்துவிட்டு நின்றுவிடுவார். சவிரிமுத்து கண்ணாடியில் பார்ப்பார், பிறகு வானொலியின் சத்தத்தைக் கூட்டுவார்.

இப்படியே போயிருக்கும். ஆனால் ஊர்க்கிண்ணம் வந்தது.

மொன்றியலிலுள்ள எட்டு ஊர்க் கழகங்கள் ஒவ்வொரு ஆடி மாதமும் விளையாடும் சுற்றுப்போட்டி அது. ஊரவர் மட்டும்தான் விளையாடலாம்: ஊரில் பிறந்தவர், ஊராருக்குப் பிறந்தவர், ஊரில் கல்யாணம் கட்டியவர். படிவத்தின் நாலாம் வரியில் ஊருக்கு என்ன உறவு என்று எழுத வேண்டும். மருமகன் என்று எழுதினால் மாமனார் பக்கத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். ஒரு வருடம் இறுதியாட்டத்தில் இரண்டு பக்கமும் ரொறன்ரோவிலிருந்து கள்ள ஆட்களை இறக்கிப் பிடிபட்டார்கள். இரண்டு அணியையும் வெளியேற்றினால் கப்பைக் கொடுக்க ஆளில்லை. ஆகவே நடுவர் குழு தலையைப் பிய்த்துக்கொண்டு ஒரு விதி எழுதியது. ஊருக்கு உறவில்லாத ஆள் விளையாடினால், யார் பிழை என்று கேளாமல், ஆட்டத்தை அடுத்த ஞாயிறு மறுபடி விளையாட வேண்டும். இப்படியொரு ஞானம் வேறெந்த நாட்டுப் பந்தாட்டத்திலும் இல்லை.

இந்த முறையும் சங்குத்துறைக்கு ஆள் போதவில்லை. கழகச் செயலாளர் அருமைநாதன் போன் போனாக எடுத்துக் களைத்து, ஒருநாள் சும்மா யூடியூப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்கொட்லாந்தில் எங்கோ மழைக்குள் ஒரு மொட்டைத் தலையன் பந்தைத் தலையால் இடித்து வெளியே அனுப்பிக்கொண்டிருந்தான். அந்தத் தலையை ஜான்-டலோன் சந்தையில் தக்காளிக்கு நடுவில், றொஷினிக்குப் பக்கத்தில் கண்ட ஞாபகம் அவருக்கு வந்தது. அன்று பின்னேரமே கர்க்லாண்டுக்கு ஓடினார்.

"அண்ணை, கையிலை வெண்ணெயை வைச்சுக்கொண்டு நெய்க்கு அலையிறம். உங்கடை மருமகன் புரொபெஷனல் எல்லோ."

"எனக்கு மருமகன் இல்லை," என்றார் சவிரிமுத்து, பழக்கதோஷத்தில்.

"இல்லாட்டிப் பரவாயில்லை. இந்த நாலாம் வரியிலை ஒரு கையெழுத்து மட்டும் வையுங்கோ."

சவிரிமுத்து அந்தக் கடதாசியை இரண்டு நாள் மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினொரு வருடம் கப் இல்லை. இம்முறையும் இல்லையென்றால் தலைவர் கதிரையும் இல்லை. மூன்றாம் நாள் பேனையை எடுத்தபோது அல்போன்சம்மா முன்னால் வந்து இருந்தார்.

"இஞ்சேருங்கோ, பந்துக்காக வைக்கிறதெண்டா வைக்காதையுங்கோ. கப் முடிஞ்ச அடுத்த நாளும் அவன் மருமகனோ? அதுதான் பிள்ளை கேக்கச் சொன்னவள். இனியொருக்கா இல்லையெண்டு சொன்னியளெண்டா, அவள் சந்தைக்கும் வரமாட்டாளாம்."

சவிரிமுத்து கடதாசியைத் தன் பக்கம் இழுத்தார். கையெழுத்தை வைத்தார். எதற்காக வைத்தார் என்பது அவருக்கே அப்போது சரியாகத் தெரியாது. கப் கண்ணை மறைத்தது என்றுதான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

போட்டியன்று காலை டோனல் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு, தான் பின்களம் என்று அருமைநாதனுக்கு ஆங்கிலத்தில் விளக்கினார். அருமைநாதன் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். சம்பளத்துக்கு விளையாடிய மனிதனைக் கொண்டுபோய் யாராவது பின்னால் நிறுத்துவார்களா? சங்குத்துறையில் பின்னால் நிற்பது தொந்தி வைத்தவர்களின் வேலை. கோல் அடிப்பவன்தான் ஆட்டக்காரன், மற்றவர்கள் அவன் அடிக்கும்போது பார்க்க வந்தவர்கள். டோனலை முன்னுக்கு விட்டார்கள். நாலாயிரம் பந்தைத் தடுத்தவருக்கு ஒரு பந்தை அடிக்கத் தெரியவில்லை. மூன்று சுகமான வாய்ப்புகளை மரத்துக்கும் வேலிக்கும் அனுப்பினார். "இருபது வருஷம் இவனுக்கு எதுக்குச் சம்பளம் குடுத்தவங்கள்?" என்று கரையில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனாலும் தட்டுத்தடுமாறி, மற்றவர்களின் புண்ணியத்தில், சங்குத்துறை இறுதியாட்டத்துக்கு வந்துவிட்டது. எதிரணி கரைமுனை.

இடைவேளை தாண்டியும் கோல் எதுவும் விழவில்லை. அதற்குப் பிறகு டோனலின் கால்கள் யாரையும் கேளாமல் தாமாகவே பின்னால் போய்விட்டன. அங்கே தொந்திகளுக்கு நடுவில் லொறி போகுமளவுக்கு இடைவெளி இருந்தது. அதில் போய் நின்றார். ஒரு பந்தைக் காலால் தட்டினார், ஒன்றை நெஞ்சில் வாங்கினார், கோட்டைத் தாண்டவிருந்த இரண்டைச் சறுக்கிப்போய்த் திருப்பினார். கரைமுனையின் நாலு கோல்களை அந்த மனிதர் சத்தமில்லாமல் அழித்தார். ஒருவரும் கைதட்டவில்லை. "ஏன் இந்த ஆள் பின்னுக்கு ஓடுறான்?" என்று அருமைநாதன் தலையில் அடித்துக்கொண்டார்.

சவிரிமுத்து அடித்துக்கொள்ளவில்லை. வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். பந்து வருமுன்னமே அந்த ஆள் அது வரும் இடத்தில் நின்றார். நாற்பது அடி தள்ளி நிற்கத் தெரிந்தவருக்கு எங்கே நிற்க வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது.

கடைசி இரண்டு நிமிடம். சங்குத்துறையின் கோல் காப்பவன் நிஷான், சவிரிமுத்துவின் தமக்கையின் மகன். அவனுக்குக் கோல் காப்பது பொழுதுபோக்கு, கோல் அடிப்பதுதான் இலட்சியம். தங்களுக்கு ஒரு கோர்னர் கிடைத்ததும், தன் போனைச் சிநேகிதனிடம் கொடுத்துப் படம் பிடிக்கச் சொல்லிவிட்டு முன்னால் ஓடினான். கோர்னர் வீணானது. நிஷான் திரும்பவில்லை, இன்னொன்று கிடைக்கும் என்று நடுக்கோட்டில் நின்றான். "பின்னுக்குப் போடா நிஷான்," என்று சவிரிமுத்து தொண்டை கிழியக் கத்தினார். அதற்குள் கரைமுனை பந்தை உயரத் தூக்கி அடித்தது. இரண்டு பேர் முதுகில் ஏற, டோனல் துள்ளி, இருபது வருடமாகச் செய்தபடி பந்தைக் கோல் காப்பவனின் கைக்கு அளவாகத் தலையால் பின்னுக்குத் தட்டினார். அங்கே கை இல்லை. பந்து உருண்டு வலைக்குள் போய், களைத்தாற்போல் நின்றது.

"அவர் பாக்காமல் குடுத்தவர், நான் கத்தினனான்," என்றான் நிஷான் உடனே. அவன் கத்தவில்லை. டோனல் நிஷானைப் பார்த்தார், காலியான கோலைப் பார்த்தார், பிறகு கையை உயர்த்தித் தன் நெஞ்சைத் தட்டினார். பிழை தன்னுடையது என்று. யாரும் கேட்காமலே அதை எடுத்துக்கொண்டார். ஊதல் ஒலித்தது, கரைமுனை கப்பை வென்றது.

சங்குத்துறையின் வாயெல்லாம் வெள்ளைக்காரன் மேல் விழுந்தது. அதற்குள் அருமைநாதனுக்கு மூளை வேலை செய்தது. சவிரிமுத்துவைக் கையில் பிடித்து நடுவர் குழுவின் மேசைக்கு இழுத்துப் போனார். மேசைக்குப் பின்னால் குழுத் தலைவர் தியாகராசா இருந்தார்.

"அண்ணை, விதி ஞாபகமிருக்கோ? உறவில்லாத ஆள் விளையாடினா மறு ஆட்டம். நீங்கள் இல்லையெண்டு சொன்னாக் காணும். நாலு நத்தாருக்குச் சொன்னதுதானே, ஐஞ்சாந்தரம் சொல்லுறதிலை என்ன?" என்றார் அருமைநாதன்.

தியாகராசா படிவத்தை எடுத்து நாலாம் வரியில் விரலை வைத்தார். "நானும் மண்டபத்திலை கேட்டனான் சவிரி அண்ணை. மைக்கிலை சொன்னனியள். சொல்லுங்கோ, இந்த ஆள் உங்கடை மருமகனோ இல்லையோ?"

ஒரு சொல். அந்தச் சொல்லில் கப் இருந்தது, கதிரை இருந்தது. ரொறன்ரோவிலிருந்து நல்ல முன்கள வீரன் ஒருவனைக் கொண்டுவர ஒரு கிழமையும் இருந்தது. அதுவும் புதிதாகப் பாடமாக்க வேண்டிய சொல் இல்லை.

சவிரிமுத்து திரும்பிப் பார்த்தார். கரையில் டோனல் புல்லில் இருந்தார். றொஷினி அவர் முழங்காலுக்கு ஐஸ் கட்டிக்கொண்டே தகப்பனைப் பார்த்தாள். அல்போன்சம்மா சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமல் மடியில் வைத்திருந்தார். மேசையில் என்ன கேட்கிறார்கள் என்று அந்த இரண்டு பெண்களுக்கும் தெரியும். டோனலுக்குத் தெரியாது. தன்னால் தோற்றுவிட்டது என்று வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்திருந்தார். சவிரிமுத்துவுக்கும் வெட்கமாக இருந்தது. வாழ்க்கையிலே முதல் தடவையாக என்று சொல்லலாம்.

"அது என்ரை கையெழுத்து," என்றார். "அவர் என்ரை மருமகன். கப்பைக் கரைமுனைக்குக் குடுங்கோ."

"அண்ணை," என்றார் அருமைநாதன்.

"கோலை விட்டது நிஷான். அதையும் எழுதுங்கோ."

அதை எழுதப் படிவத்தில் இடமிருக்கவில்லை. சவிரிமுத்து மைதானத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு நடந்தார். நாற்பது அடியில் கால் ஒருமுறை நின்றது. பிறகு மிச்சத்தையும் நடந்தார்.

டோனல் எழும்பப் பார்த்தார், முழங்கால் விடவில்லை. "ஸொரி, மாமா," என்றார். மாமா என்பது றொஷினி சொல்லிக்கொடுத்திருந்த சொல். நாலு வருடமாக அதைச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை.

சவிரிமுத்து அவருக்குப் பக்கத்தில் புல்லில் இருந்தார். 

"வாற வருஷம் நீர் பின்னாலை நில்லும்," என்றார். "முன்னுக்கு வேறை ஆரும் நிக்கட்டும்."

டோனலுக்கு விளங்கவில்லை. மனைவியைப் பார்த்தார். றொஷினியால் மொழிபெயர்க்க முடியவில்லை, அழுதுகொண்டிருந்தாள். அல்போன்சம்மா சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து முதல் தட்டை மருமகனின் கையில் கொடுத்தார். கப் தோற்ற தலைவருக்கு இரண்டாவது தட்டுத்தான் கிடைத்தது.