நான் உட்காராத பதினொரு நாள்

கோயம்புத்தூரில் ஒரு டாக்டர் என் தொடையிலும் வயிற்றிலும் இருந்த கொழுப்பை உறிஞ்சி, அதையே என் பின்பக்கத்தில் ஏற்றினார். நாற்பத்து மூன்று வயதில் இது எதற்கு என்றால், காரணம் என் நாத்தனார், அதாவது கணவரின் அக்கா. கல்யாணமான நாளிலிருந்து, விசேஷ வீடுகளில் நாலு பேர் பார்க்க என் முதுகுக்குக் கீழே தட்டி, "உனக்குச் சேல கட்டறதும் ஒண்ணு, கதவுக்குத் திரை போடறதும் ஒண்ணு" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், வேறு வழி? அடுத்த மாதம் அவர் பேரனுக்குக் காதுகுத்து. அன்றைக்கு அவர் முன்னால் ஒருமுறை நடந்துவிட வேண்டும், அவர் வாயடைத்துப் போக வேண்டும். என் லட்சியம் அவ்வளவுதான்.

"மூணு வாரம் உக்காரக் கூடாதும்மா. உக்காந்தா வெச்ச கொழுப்பு நிக்காது" என்றார் டாக்டர். நாமக்கல்வரை காரில் குப்புறப் படுத்தே வந்தேன். லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கும் என் கணவர், "எங்கிட்டச் சொல்லியிருந்தா தகரத்துலயே அடிச்சுக் குடுத்திருப்பனே" என்றார். ஊருக்கெல்லாம் முதுகில் டிஸ்க் நகர்ந்துவிட்டது என்று சொல்லி வைத்தோம்.

பதினோராம் நாள் காலையில் நாத்தனார் மாரடைப்பில் போய்விட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது கோபம். இன்னும் ஒரு மாதம் இருந்திருக்கக் கூடாதா?

சேந்தமங்கலத்தில் அவர் வீட்டு வாசலில் பெண்கள் பிணத்தைச் சுற்றி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். நான் தலைமாட்டில் நின்றேன். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். பாய் வந்தது, நாற்காலி வந்தது.

"உக்காரு சாமி, முதுகு நோவோட எத்தன நேரம் நிப்ப?" என்றார் பக்கத்து வீட்டுப் பெரியம்மா.

"இருக்கட்டுங்க. அவங்க முன்னால நான் எப்பங்க உக்காந்திருக்கறேன்?"

இது என் வாயில் எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. கூட்டம் உருகிவிட்டது. நாத்தனார்மேல் இத்தனை மரியாதையா என்று தெருவே பேசியது. ஆபரேஷனுக்குப் பிறகு போடச் சொன்ன இறுக்கமான உடுப்புக்குள் நான் வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தேன்.

பிணத்தை எடுத்துப் போன பிறகு, அவர் மகள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"அத்தே, அம்மா எங்களத் திட்டறதே உங்களச் சொல்லித்தானுங்க. 'ஒங்கத்தையப் பாருங்கடி, ரெண்டு பெத்தும் கொடியாட்ட இருக்கறா. எனக்கு அந்த ஒடம்பு வாய்க்கலயே'ம்பாங்க. உங்க முன்னால மட்டும் சொல்ல மாட்டாங்க."

நான் வெறும் தரையில் சப்பென்று உட்கார்ந்துவிட்டேன். உயிர் போகிற வலி. எழுந்திருக்கத் தோன்றவில்லை. அன்றைக்கு நான் அழுதது அப்போதுதான்.