குரூப் போட்டோ நாளும் அம்மாவின் மணிக்கட்டும்

அம்மாவின் வலது மணிக்கட்டுக்குள் ஒரு தகடும் ஏழு திருகாணிகளும் இருக்கின்றன. அவை அங்கே போனதற்கு என் தலைமுடியும் ஒரு காரணம்.

நான் அப்போது நாலாவது படித்தேன். அம்மா திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டில் மீன் அரிந்து கொடுப்பாள். ஈரத்தரையில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. கடலூர் ஆஸ்பத்திரியில் இழுத்து நேராக்கி, மாவுப்பட்டை வைத்துத் துணி சுற்றிக் கட்டுப் போட்டார்கள். மணிக்கட்டை அசைக்கவே கூடாது, எலும்பு நகர்ந்தால் ஆபரேஷன்தான் என்று எச்சரித்து அனுப்பினார்கள்.

எங்கள் பள்ளியில் இரட்டைச் சடை பின்னி, ரிப்பனால் மடித்துக் கட்ட வேண்டும். மூன்று நாள் பக்கத்து வீட்டு அத்தை பின்னிவிட்டார். நாலாம் நாள் அவர் ஊருக்குப் போய்விட்டார். அப்பா கடலில். அன்று பார்த்து குரூப் போட்டோ. வீடு ரெண்டாகும்படி அழுதேன்.

"சனியனே, போட்டோல காலத்துக்கும் அழுத மூஞ்சியாவா நிக்கப்போற? வா இப்டி" என்றாள் அம்மா.

விரல்கள் வளையவில்லை என்று கட்டுத்துணியை அவிழ்த்து, மாவுப்பட்டையைக் கழற்றி வைத்தாள். இறுக்கிப் பின்னும்போது என் முதுகுக்குப் பின்னால் "ஸ்ஸ்" என்று ஒரு சத்தம் வந்தது. நான், "இழுக்காதம்மா, வலிக்குது" என்றேன்.

அடுத்த வாரம் எக்ஸ்ரேயில் எலும்பு நகர்ந்திருந்தது. சிதம்பரத்துக்கு அனுப்பினார்கள். துண்டு துண்டாக இருக்கிறது, இனி மாவுக்கட்டால் நிற்காது, தகடு வைத்து முடுக்க வேண்டும் என்றார் டாக்டர்.

"கட்ட அவுத்தீங்களாம்மா?"

அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

"இல்லீங்க சார். தூக்கத்துல அசைச்சிட்டேன் போல."

வெளியே வந்ததும், கடலிலிருந்து திரும்பி எங்களோடு வந்திருந்த அப்பா பிடித்துக்கொண்டார். "ஒரு கைய ஒழுங்கா வச்சிக்கத் துப்பில்ல ஒனக்கு!" நாலு பேர் பார்க்கத் திட்டினார். அம்மா இடது கையால் பையிலிருந்து ஒரு பன்னை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

தகடு வைத்தும் அந்தக் கை முழுதாகத் திரும்பவில்லை. அரிவாள்மணையில் வஞ்சிரத்தைப் பிடித்துத் திருப்ப முடியாமல் மார்க்கெட்டை விட்டாள். இப்படி நொறுங்கிய எலும்பு கட்டை அவிழ்க்காவிட்டாலும் நகரக்கூடும் என்று பின்னாளில் ஒரு டாக்டர் சொன்னார். என் மனம் ஆறவில்லை.

ஆனால் அன்று, அப்பா திட்டத் திட்ட, நான் பெஞ்சில் உட்கார்ந்து நிம்மதியாக பன் தின்றுகொண்டிருந்தேன். அம்மா டாக்டருக்குப் பயந்துதான் பொய் சொன்னாள் என்று நினைத்தேன்.